கதவுக்கு வைத்த கல்

பேச்சியம்மா ஒரு மூச்சை இழுத்து விட்டு முடிப்பதற்குள், அவள் முதுகில் சாய்ந்திருந்த அப்பா மூன்று மூச்சு விட்டிருந்தார்.

அவள் மறுபடி எண்ணினாள். பயத்தில் தன் மூச்சை நீட்டி விடுகிறோமோ என்று சந்தேகம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு, மலையில் கொழுந்து பறிக்கும்போது மூச்சு எப்படி வருமோ அப்படி விட்டுப் பார்த்தாள். மூன்றுதான். நேற்று விளக்கு வைக்கும் நேரம் வரை இரண்டாக இருந்தது.

இப்படி முதுகோடு முதுகு ஒட்டி உட்காருவது இரண்டு வருஷப் பழக்கம். அப்பா நல்லமுத்து, தோட்டத்து ஸ்டோரில், தேயிலைத் தூள் சலிக்கும் அறையில், இருபத்தேழு வருஷம் வேலை செய்தவர். மகாராணி கண்டிக்கு வந்து போன வருஷம் தொடங்கிய இருமல் பிறகு நிற்கவே இல்லை. படுத்தால் கொஞ்ச நேரத்துக்குள் தண்ணீருக்குள் அமுக்கப்பட்டவர்போல் எழுந்து காற்றைத் தேடுவார். சுவரில் சாய்த்து வைத்தால், தோட்டத்து வரிசை வீடான லயத்துச் சுவரின் ஈரம் முதுகில் ஏறும். சாக்கில் புல்லை அடைத்துத் தலையணை செய்து பார்த்தாள். ஒரு வாரத்தில் அது தட்டையாகிவிட்டது. ஒருநாள் வேறு வழி தெரியாமல் அவருக்குப் பின்னால் தானே திரும்பி உட்கார்ந்தாள். அன்று அவர் உட்கார்ந்தபடியே விடியும்வரை தூங்கினார்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பவர் யாழ்ப்பாணத்துக்காரர். எல்லோரும் அவரை டாக்டரையா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் ஒரு முறை லயத்துக்கு வந்தபோது இந்தக் காட்சியைப் பார்த்துச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இதைவிட நல்ல சாய்மனைக் கதிரை பெரிய ஆஸ்பத்திரியிலயும் இல்லைப் பிள்ளை" என்றார். அன்றிலிருந்து அவர் வரும்போதெல்லாம் ஏதாவது ஒன்றைச் சொல்லிக் கொடுப்பார். உள்ளங்கையைக் கிண்ணம்போல் குவித்து முதுகின் அடியிலிருந்து மேலாகத் தட்டுவது. கொதிக்கிற தண்ணீரில் டர்பன்டைன் என்று சொல்லும் யூகலிப்டஸ் மரத்து இலையைப் போட்டு ஆவி பிடிக்க வைப்பது. சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து தரம் கொடுப்பது. சளியைச் சாம்பல் போட்ட டின்னில் துப்ப வைத்து அதன் நிறத்தைப் பார்ப்பது. "அடுப்பு ஊதுறனீதானே? அப்பிடி வாயைக் குவிச்சு மெல்ல ஊதச் சொல்லு. உள்ள நிக்கிற கெட்ட காத்து வெளியில போகும்."

அவளிடம் கடிகாரம் இல்லை என்றபோது அவர் கொஞ்சம் யோசித்துச் சொன்னார்: "உன்ர ஒரு மூச்சுக்கு அவற்ற எத்தினை எண்டு எண்ணு. ரெண்டெண்டால் பயமில்லை. மூண்டெண்டால் மற்ற வேலையெல்லாத்தையும் விட்டுட்டு என்னட்ட ஓடி வா."

"என்னடி இது, ரெட்ட வாழப்பழம் மாதிரி ஒட்டிக்கிட்டு? விடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு!"

காளியாயி அத்தை வாசலில் நின்றாள். அப்பாவின் அக்கா. முந்தின நாள்தான் வட்டகொடையிலிருந்து ரயிலேறி வந்திருந்தாள். தம்பிக்குக் காய்ச்சல் என்று யாரோ சொல்லக் கேட்டு, ஒரு பையில் அரிசி மாவும் இன்னொரு பையில் திருநீறுமாக வந்துவிட்டாள். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். வந்ததிலிருந்து அவளுக்கு இந்த வீட்டில் எதுவும் பிடிக்கவில்லை. முக்கியமாகக் கதவு பிடிக்கவில்லை.

கதவு எப்போதும் திறந்தே இருக்கும். உடைந்த குழவிக்கல் ஒன்றை முட்டுக் கொடுத்துப் பேச்சியம்மா அதைச் சுவரோடு நிறுத்தியிருந்தாள். அத்தை காலால் அந்தக் கல்லை உருட்டிவிட்டாள்.

"பனி பாம்பு மாதிரி உள்ள வருது. நோவுல கெடக்குற மனுசன் வீட்ல கதவத் தொறந்து போடச்சொல்லி யாருடி சொல்லிக் குடுத்தா?"

"டாக்டரையாதான் அத்த. அப்பாவுக்குக் காத்து வேணுமாம்."

"அவரு வீட்டுக் கதவத் தொறந்து போட்டுட்டுத்தான் தூங்குறாரா? கேட்டியா?"

"அக்கா." அப்பாவின் குரல் அவள் முதுகுக்குள் அதிர்ந்தது. அவருக்கு ஒரு மூச்சுக்கு ஒரு வார்த்தைதான் வரும். "சண்ட... போடாத."

"நான் எங்கப்பா சண்ட போடுறேன். அடுப்பக் கொண்டுபோய் வெளிய இஸ்தோப்புல வச்சிருக்கா, மழச் சாரல்ல வெறகு நனையுது. வீட்டுக்குள்ள ஒரு சூடு இருக்கா? மனுசன் இருக்குற வீடா இது?"

"பொக... ஆகாது... எனக்கு."

"ஒனக்கு எதுதான்டா ஆகும்?"

அப்பா சிரித்தார். பேச்சியம்மாவுக்கு அது முதுகில் தெரிந்தது. இந்த இரண்டு வருஷத்தில் அவர் முகத்தை அவள் அதிகம் பார்த்ததில்லை. அவருடைய கோபம், வெட்கம், பசி எல்லாம் தோள்பட்டை எலும்பின் அசைவாகவே அவளிடம் வந்து சேரும்.

"நான்... டஸ்டு... நம்பர் ஒன்னு... அக்கா. சல்லடைக்கு... கீழ... வந்தவன்."

ஸ்டோரில் சல்லடைக்கு அடியில் விழும் பொடித் தூளின் பெயர் அது; சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. அவள் திரும்பி, ஒரு கையால் அவர் நெற்றியைத் தாங்கி, டின்னை நீட்டினாள். சாம்பலின் மேல் விழுந்த சளி ரயில் தண்டவாளத்துத் துருவின் நிறத்தில் இருந்தது. அவர் விரல் நகங்களைத் தூக்கிப் பார்த்தாள். நாவல்பழம் தின்ற வாய்போல் நீலம் பாய்ந்திருந்தது.

இனிக் காத்திருக்க முடியாது.

விடியற்காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனவர்கள் எல்லோரும் எட்டாம் நம்பர் மலைக்கு ஏறிவிட்டார்கள். லயத்தில் மிஞ்சியது பிள்ளை பெற்றுப் பதினோரு நாளான பக்கத்துக் காம்பரா மீனம்மா மட்டும். அனுப்புவதற்கு ஆளில்லை. டிஸ்பென்சரிக்கு இறங்கக் கால் மணி, ஏறி வர அரை மணி.

அவள் தேயிலைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அப்பாவின் முன்னால் வைத்தாள். மழைக்குப் போடும் கம்பளியை மடித்து அதன்மேல் பரப்பினாள். அவரை முன்னால் சாய வைத்து, இரண்டு கைகளையும் நெற்றியையும் கம்பளியின்மேல் பொருத்தினாள். அவள் வேலைக்குப் போகும் நாட்களில் அவர் இப்படித்தான் இருப்பார். பிறகு அத்தையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அத்த, நான் ஓடிப்போய் டாக்டரையாவக் கூட்டிட்டு வந்துர்றேன். அதுவரைக்கும் இப்படியே இருக்கட்டும். என்ன ஆனாலும் படுக்க வைக்காதீங்க. அவரே கேட்டாலும் வைக்காதீங்க."

"சரிடி, சரி. நான் தூக்கி வளத்த புள்ள. எனக்குத் தெரியாதா?"

"கதவு..."

"தொறந்தே இருக்கும். போ."

அவள் குழவிக்கல்லை மறுபடி முட்டுக்கொடுத்துவிட்டு இறங்கினாள். அப்பா பெட்டியிலிருந்து தலையைத் தூக்காமலே, "வெரசா" என்றார். மற்ற வார்த்தைக்கு மூச்சு இல்லை.

குறுக்குப் பாதையில் புல் வழுக்கியது. பனிமூட்டத்துக்குள் எங்கேயோ மேலே கங்காணி யாரையோ ஏசிக்கொண்டிருந்தான். பெண்களின் சிரிப்புச் சத்தம் வந்தது. எல்லோரும் பக்கத்தில்தான் இருந்தார்கள், ஆனால் ஒருவரையும் பார்க்க முடியவில்லை. கூப்பிட்டால் யாராவது வருவார்கள் என்று நினைத்தாள். கூப்பிட்டு என்ன சொல்வது? என் ஒரு மூச்சுக்கு அவருக்கு மூன்று வருகிறது என்றா? அது இந்தத் தோட்டத்தில் அவளுக்கும் டாக்டரையாவுக்கும் மட்டும் புரிகிற பேச்சு.

டாக்டரையா மருந்துப் போத்தல்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் கையைத் துடைத்தார்.

"எத்தினை?"

"மூணுங்க ஐயா."

"எப்ப இருந்து?"

"விடிய எண்ணினப்ப."

"சளி?"

"துரு மாதிரிங்க. நகம் நீலமா இருக்கு."

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. கொதித்து இறங்கிய ஊசியை இடுக்கியால் எடுத்து எவர்சில்வர் பெட்டிக்குள் வைத்தார். பென்சிலின் குப்பியை ஒரு துணியில் சுற்றினார். "ஊசியைப் போட்டுட்டு லிந்துலைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம். அங்க ஒக்ஸிசன் இருக்கு. நீ ஸ்டோரில அழகனிட்டச் சொல்லிப்போட்டு வா, கொழுந்து லொறியை லயத்தடியில கொண்டந்து விடச் சொல்லி. லொறியிலயும் உன்ர முதுகிலதான் அவரைச் சாய்க்கோணும், விளங்கிச்சோ?"

"விளங்குதுங்க."

"நீ பயப்பிடாதை. நேரத்துக்கு வந்திட்டாய். இன்னொருத்தரெண்டால் பின்னேரம்தான் வந்திருப்பினம்." கதவைப் பூட்டும்போது அவர் சொன்னார்: "அடுத்த மாதம் எங்கட ஆயா நிக்கிறா இல்லை. உன்னைப் பற்றித் துரையிட்டச் சொல்லியாச்சு."

டிஸ்பென்சரி ஆயா வேலை தனக்கு வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியும். இரண்டு வாரத்துக்கு முன்பே அவர் சொல்லியிருந்தார். அதை அவள் அப்பாவிடம் மட்டும்தான் சொன்னாள். அப்பா, "வெள்ளச்... சீல... குடுப்பாங்களா?" என்று கேட்டார். அன்று முழுவதும் அவருடைய முதுகு இளகிக் கிடந்தது.

லொறிக்காரன் அழகன், "நீ போ தங்கச்சி, பின்னாலயே வர்றேன்" என்று சொல்லிவிட்டு, ஏற்றியிருந்த பெட்டிகளை இறக்க ஆரம்பித்தான். அவள் ஓடிவந்து டாக்டரையாவைப் பாதி வழியில் பிடித்தாள். அவருக்கும் ஐம்பது வயதுக்கு மேலே. வளைவுகளில் நின்று இடுப்பில் கை வைத்தார். அந்த அவசரத்திலும் அவள் காது தானாகவே எண்ணியது. ஒன்றுக்கு இரண்டு. பயமில்லை.

"நீ முன்னால போ பிள்ளை. நான் வாறன்."

கடைசித் திருப்பத்தில் பனி விலகி லயம் தெரிந்தது. பன்னிரண்டு காம்பராக்கள், பன்னிரண்டு கதவுகள். பகலில் எல்லோரும் மலைக்குப் போய்விடுவதால் கதவுகள் மூடிக் கிடக்கும். அவர்கள் வீட்டுக் கதவு ஒன்றுதான் திறந்திருக்கும். கொழுந்து பறிக்கும்போது எந்த மலையில் நின்றாலும் அவள் நிமிர்ந்து அந்தக் கறுப்புச் சதுரத்தைத் தேடுவாள். அது தெரிந்தால் அப்பா உள்ளே பெட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். மறுபடி குனிந்துகொள்வாள்.

இப்போது அவளுக்குத் தன் வீடு எது என்று தெரியவில்லை. பன்னிரண்டு கதவும் ஒரே மாதிரி மூடியிருந்தன. நடுவில் ஒரு கூரையின் தகர இடுக்கிலிருந்து மட்டும் புகை கசிந்துகொண்டிருந்தது.

கதவைத் தள்ளியபோது புகை முகத்தில் அடித்தது. உள்ளே அடுப்பு எரிந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் அவள் அடுப்பைப் பிரித்துப்போட்ட அதே மூலையில் மூன்று கல்லைக் கூட்டி அத்தை அடுப்பு மூட்டியிருந்தாள். கையில் ஊதாங்குழல். தேயிலைப் பெட்டி சுவரோரமாகத் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. பாயில் அப்பா கால்களை நீட்டி மல்லாந்து படுத்திருந்தார். கம்பளி கழுத்து வரை போர்த்தியிருந்தது. நெற்றியில் திருநீறு.

"சத்தம் போடாதடி" என்றாள் அத்தை மெதுவாக. அவள் முகத்தில் ஒரு நிறைவு இருந்தது. "இப்பத்தான் கண்ணசந்தான். நீ அங்குட்டுப் போனதும் ஒரே முனகல். அக்கா, காலு நீட்டணும், அக்கா, காலு நீட்டணும்னு. மனசு கேக்கல. படுக்க வச்சுக் கால அமுக்கிவிட்டேன். ரவ்வோண்டு நேரம் தெணறினான், அப்புறம் பாரு, எப்பிடித் தூங்குறான்னு. சின்னப் புள்ளையில இப்பிடித்தான் எம் மடியில..."

பேச்சியம்மா அப்பாவின் பக்கத்தில் மண்டியிட்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தாள். கன்னம் இவ்வளவு ஒட்டியிருந்தது அவளுக்குத் தெரியாது. இடது புருவத்தில் நரை விழுந்திருந்ததும் தெரியாது. கம்பளியை விலக்கி மார்பில் கையை வைத்தாள். பிறகு கையை எடுத்துவிட்டு, திரும்பி, முதுகை அவர் மார்புக்கு அருகில் கொண்டுபோனாள். தான் என்ன செய்கிறோம் என்று புரிந்ததும் நிமிர்ந்துகொண்டாள்.

அவள் மூச்சு ஒன்று வந்து போனது. அதற்குப் பதிலாக எதுவும் வரவில்லை.

கொஞ்ச நேரம் அவள் அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தையின் காலடியில் உருண்டு கிடந்த குழவிக்கல்லைப் பார்த்தாள். அத்தையின் விரல்களில் விளக்கெண்ணெய் பளபளத்தது. தம்பியின் கால்களுக்குத் தேய்த்த எண்ணெய்.

"என்னடி அப்படிப் பாக்குற?" என்றாள் அத்தை. பிறகு, "தம்பி" என்றாள். பிறகு கம்பளியைப் பிடித்து இழுத்து, "டேய் நல்லமுத்து!" என்று கத்தினாள். அவளுடைய பெரிய குரல் பதினோரு நாள் குழந்தையை எழுப்பியது. பக்கத்துக் காம்பராவில் அது அழத் தொடங்கியது.

டாக்டரையா வாசலில் வந்து நின்றார். புகைக்குள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். உள்ளே வந்து, கையைப் பிடித்துப் பார்த்து, இமையைத் தூக்கிப் பார்த்து, அப்படியே குந்தியிருந்தார். ஊசிப் பெட்டியைத் திறக்கவில்லை.

"ஆர் படுக்க வைச்சது?"

அடுப்பில் ஈர விறகு சீறியது.

"கேக்கிறன். ஆர் இந்த மனுசனைப் படுக்க வைச்சது? இந்த நெஞ்சோட படுக்க வைச்சால் கழுத்தில கயிறு போட்டு இறுக்கிற மாதிரித்தான். எத்தினை தரம் சொன்னனான்?"

அத்தையின் அழுகை பாதியில் நின்றது. வாய் திறந்தபடி இருந்தது. கையிலிருந்த ஊதாங்குழலைக் கீழே வைக்கலாமா, வேண்டாமா என்று தெரியாதவள்போல் நின்றாள்.

"நான்தாங்க ஐயா" என்றாள் பேச்சியம்மா.

அவர் திரும்பினார்.

"நான்தாங்க. அங்க வர்றதுக்கு முன்னால. காலு நீட்டணும்னு ரொம்பக் கேட்டாரு. கொஞ்ச நேரந்தானேன்னு படுக்க வச்சிட்டு வந்தேன். குளிருன்னு அத்தைகிட்ட அடுப்பையும் மூட்டச் சொன்னேன்."

டாக்டரையா அவளை வெகுநேரம் பார்த்தார். அவளுடைய நனைந்த பாவாடையை, புல் கிழித்த கணுக்காலை, சுவரோரம் தள்ளப்பட்டிருந்த பெட்டியை எல்லாம் பார்த்தார். அவர் நம்பினாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் எழுந்தபோது முழங்கால் சொடுக்கியது.

"இவ்வளவு தெரிஞ்ச நீயே இப்பிடிச் செய்தால், பிள்ளை..." என்றார். குரலிலிருந்து கோபம் போய்விட்டிருந்தது. "நாளைக்கு ஆயாவா வந்து நீ என்ன செய்யப்போறாய்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் ஊசிப் பெட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே போனார். கீழே ரோட்டில் லொறி வந்து நின்று ஹாரன் அடித்தது. அவர் கையை ஆட்டி அதைத் திரும்பிப் போகச் சொன்னதை வாசல் வழியாக அவள் பார்த்தாள்.

அதற்குப் பிறகு எல்லாம் மற்றவர்களின் வேலையாகிவிட்டது. தப்பு அடித்தார்கள். மலையிலிருந்து கூடைகளோடு ஆட்கள் இறங்கி வந்தார்கள். தோட்டத்துத் தச்சன் வந்து கயிற்றால் அளவெடுத்துக்கொண்டு போனான். வட்டகொடைக்கு ஆள் போய், அத்தையின் மகன் சின்னராசா கொள்ளி வைக்க வந்து சேர்ந்தான்.

பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். இடையில் மீனம்மா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, "எப்பிடிம்மா போச்சு உசுரு? கஷ்டப்பட்டாரா?" என்று அத்தையிடம் கேட்டாள். எந்தச் சாவு வீட்டிலும் அத்தைதான் கதை சொல்வாள். கடைசியாக என்ன கேட்டார், யாரைத் தேடினார், எந்தப் பக்கம் தலை சாய்ந்தது என்று எல்லாம் அவள் வாயில் அழகாக வரும். எல்லோரும் காத்திருந்தார்கள். அத்தை முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

"தூக்கத்துல போயிட்டாரு" என்றாள் பேச்சியம்மா.

"குடுத்து வச்ச மனுசன்" என்றாள் மீனம்மா.

மறுநாள் பகலில் குளிப்பாட்ட ஆண்கள் அவரைப் பலகையில் உட்கார வைக்கப் பார்த்தார்கள். இரண்டு வருஷமாகப் படுக்க முடியாத உடம்பு இப்போது உட்கார மாட்டேன் என்றது. கடைசியில் படுக்க வைத்தே தண்ணீர் ஊற்றினார்கள். சவப்பெட்டியைத் தூக்கியபோது சின்னராசா, "பஞ்சு மாதிரி இருக்காரே மாமா" என்று சத்தமாக அழுதான். பெண்கள் தண்ணீர்க் குழாயடி வரை போய் நின்றார்கள். டாக்டரையா வந்திருந்தார். குடையைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றவர், அவள் பக்கம் பார்க்காமல், பெட்டியின் பின்னால் ஆண்களோடு நடந்தார். தேயிலைச் செடிகளுக்கு மேலே தெரிந்த கறுப்புக் குடை, வளைவு திரும்பும்வரை அவள் கண்ணிலிருந்து விலகவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் வீட்டில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். சின்னராசா அடுத்த நாள் பால் தெளிப்பதற்கு வேண்டியதை வாங்க லிந்துலைக்குப் போயிருந்தான். மீனம்மா ஒரு சட்டியில் சோறும் ரசமும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். இருவரும் அதைத் தொடவில்லை.

பேச்சியம்மா வழக்கமான இடத்தில், வாசலுக்குப் பக்கவாட்டில், கால்களை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். சாய்வதற்குச் சுவர் இருந்தது. ஆனால் அவள் முதுகுக்குச் சுவரில் சாயத் தெரியவில்லை. பின்னால் பாரம் இல்லாமல் உடம்பு தானாகப் பின்புறம் சரிந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தரமும் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"கொஞ்சம் படுடி" என்றாள் அத்தை. நேற்றிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அது. குரல் யாரோ ஒரு கிழவியுடையதுபோல் சிறுத்திருந்தது.

"நீங்க படுங்க அத்த."

"எனக்குப் படுக்க வரல."

மூலையில் அத்தை மூட்டிய அடுப்புக் கற்கள் அப்படியே இருந்தன. சாம்பல் ஆறிக் கிடந்தது. வெளியே இஸ்தோப்பில் இருந்த பழைய அடுப்பில் சாரல் விழுந்துகொண்டிருந்தது.

"அவன் கேட்டான்டி." அத்தை தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நானா செய்யல. அவன் வாயாலதான் கேட்டான். காலு நீட்டணும்னு."

பேச்சியம்மா தேயிலைப் பெட்டியைப் பார்த்தாள்.

"எங்கிட்டயும் கேப்பாரு அத்த" என்றாள். "தெனமும் கேப்பாரு."

அத்தை தலையை ஆட்டினாள். அவளுடைய பெரிய கைகள் மடியில் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டிருந்தன. எண்ணெய் இன்னும் போகவில்லைபோல.

காற்று ஒன்று வந்து கதவைத் தள்ளியது. பகலில் சவம் எடுத்தபோது யாரோ கல்லை ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். கதவு கிறீச்சிட்டு மெல்லச் சாத்திக்கொண்டு வந்தது. பாதி மூடியபோது வீட்டுக்குள் இருட்டு விழுந்தது.

அத்தை கையை ஊன்றி எழுந்தாள். பேச்சியம்மா அவளைப் பார்த்தாள். அத்தை வாசலுக்குப் போனாள். கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வெளியே எதையோ பார்ப்பதுபோல் நின்றாள். பிறகு அதைச் சுவர் வரைக்கும் முழுசாகத் திறந்தாள். குனிந்து, இரண்டு கையாலும் குழவிக்கல்லை உருட்டி வந்து, கதவின் அடியில் முட்டுக்கொடுத்தாள். நிற்கிறதா என்று ஒருதரம் ஆட்டிப் பார்த்தாள். கல் அசையவில்லை.

திரும்பி வந்து பேச்சியம்மாவுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் சாயாமல் இருந்தாள். பிறகு சாய்ந்தாள். அப்பாவின் பாரத்தைப்போல் இரண்டு மடங்கு இருந்தது. பேச்சியம்மா காலைத் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டாள்.

திறந்த வாசல் வழியாகப் பனி உள்ளே வந்து, ஆறிய அடுப்பைத் தாண்டி, தேயிலைப் பெட்டியின்மேல் மடித்து வைத்திருந்த கம்பளிவரை வந்தது. அவள் ஒரு மூச்சை இழுத்து, வாயைக் குவித்து, மெல்ல ஊதினாள்.

முதுகில் ஒன்று வந்தது.